லெம்மிங்: பனிக்கு அடியில் ஒன்று, பேச்சில் வேறொன்று – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குச் சந்தைக் கட்டுரையாகட்டும், தேர்தல் அலசலாகட்டும், ஒரு கூட்டத்தின் மதியீனத்தைச் சுட்ட வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் ‘லெம்மிங்குகளைப் போல’ என்று எழுதிவிடுகிறார்கள். அது மொழிபெயர்ப்புகளின் வழியாகத் தமிழுக்கும் வந்து சேர்கிறது. இந்தப் பிராணியைப் படத்தில்கூடப் பார்த்திராதவர்களும், அது கூட்டங்கூட்டமாகப் பாறை முனையிலிருந்து கடலில் குதித்து உயிரை மாய்த்துக்கொள்ளும் என்ற செய்தியை மட்டும் அறிந்து வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு வேலையில் இந்தச் சொல்லோடு பலமுறை மல்லுக்கட்டியவன் என்ற முறையில், என்னிடம் பிறர் கேட்ட கேள்விகளையும் நானே என்னைக் கேட்டுக்கொண்ட சிலவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கேள்வி: லெம்மிங் என்பது எலியா?

எலியின் உறவு என்று சொல்லலாம். கொறித்துண்ணிகளில் வோல் என்னும் குட்டைவால் விலங்குகளோடு நெருங்கிய சொந்தம் உடையது. உள்ளங்கையில் அடங்கிவிடும் உருண்டை உடம்பு, ரோமத்துக்குள் புதைந்துபோன காதுகள், இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய துண்டு வால். வெப்பத்தை இழக்கக்கூடிய உறுப்புகள் எல்லாவற்றையும் குளிர் சுருக்கி வைத்திருக்கிறது. லெம்மிங்கில் பல இனங்கள் உண்டு. உவமைக்கு ஆளான நார்வே லெம்மிங், நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் மலைப்பகுதிகளிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழ்கிறது. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் வடகனடாவிலும் பழுப்பு லெம்மிங்குகள் இருக்கின்றன. கழுத்துப்பட்டை லெம்மிங்குகள் கனடாவின் வடகோடியிலும் கிரீன்லாந்திலும்கூட உண்டு. ஊசியிலைக் காடுகளில் வாழும் காட்டு லெம்மிங்கில் பாலின நிறப்புரி ஒன்று மாறுபட்டிருப்பதால், ஆணுக்குரிய நிறப்புரிகளைப் பெற்றவற்றில் ஒரு பகுதி பெண்ணாகவே வளர்கிறது; அந்த இனத்தில் முக்கால் பங்குக்கு அருகில் பெண்கள்தான். ஆர்க்டிக் என்றால் எல்லா இடத்திலும் லெம்மிங் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஐஸ்லாந்திலும், நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலும் அது கிடையாது.

கேள்வி: அவ்வளவு குளிரில் குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கழிக்குமா?

உறங்குவதில்லை. பலரும் வியப்பது இதைக் கேட்டுத்தான்.

இலையுதிர்காலத்தில் தரை இன்னும் சற்று வெதுவெதுப்பாக இருக்கும்போதே அதன்மேல் பனி விழுந்து மூடிக்கொள்கிறது. தரையிலிருந்து எழும் வெப்பமும் ஈரமும் பனியின் அடிப்பகுதியை மெல்ல மாற்றி, சர்க்கரையைப் போலப் பொலபொலவென்று உதிரும் பெரிய படிகங்களாக்கிவிடுகின்றன. இந்த உதிரி அடுக்குக்குள் லெம்மிங் எளிதாகச் சுரங்கம் குடையும். மேலே பனிப்பரப்பில் கடுங்குளிர் காற்று வீசிக்கொண்டிருக்க, கீழே தரையை ஒட்டிய அந்த வெளியில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு வெகுதூரம் கீழே போவதில்லை. அங்கே காய்ந்த புல்லைப் பந்துபோலச் சுருட்டிக் கூடு கட்டி, பாசியையும் கோரையின் அடித்தண்டையும் தின்றுகொண்டு, இருட்டிலேயே குட்டி போட்டு வளர்க்கிறது. கழுத்துப்பட்டை லெம்மிங் இன்னும் ஒரு படி மேலே போகிறது: குளிர்காலத்தில் உடம்பு முழுவதும் வெள்ளையாகிவிடுகிறது, முன்னங்காலில் இரண்டு நகங்கள் தடித்துப் பெருத்து மண்வெட்டி போலாகி, இளவேனிலில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகின்றன. பனி உருகியதும் தூந்திரம் என்னும் மரமற்ற வடதுருவச் சமவெளியில் நடப்பவர்களின் கண்ணில் படும் புல்பந்துகள், முந்தைய குளிர்காலம் எப்படிக் கழிந்தது என்பதற்குச் சாட்சி. ஆய்வாளர்கள் இந்தக் கூடுகளை எண்ணித்தான் பனிக்கு அடியில் எவ்வளவு லெம்மிங்குகள் இருந்தன என்று கணக்கிடுகிறார்கள்.

கேள்வி: லெம்மிங் சாதுவான பிராணிதானே?

நார்வே லெம்மிங்கை நேரில் எதிர்கொண்டவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். மற்ற சிறு கொறித்துண்ணிகள் காலடிச் சத்தம் கேட்டதும் புதருக்குள் மறைய, இது பாறையில் முதுகை முட்டுக்கொடுத்து, பின்னங்காலில் எழுந்து நின்று, வெட்டுப்பற்களைக் காட்டிக் கீச்சென்று கத்தி, நூறு கிராம்கூட எடை தேறாத உடம்போடு ஒரு மனிதரின் காலணி மீது பாயத் துணியும். கறுப்புத் தலையும் மஞ்சள் கலந்த பழுப்பு முதுகும் வெளிறிய வயிறுமாக அதன் நிறமும் ஒளிந்து பிழைக்க ஏற்றதாக இல்லை. சுவீடன் நாட்டு விலங்கியலாளர் மால்ட்டே ஆண்டர்சன் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: குளவியின் மஞ்சள் கறுப்புப் பட்டைகளைப் போல, இந்த நிறமும் கூச்சலும் ‘என்னைத் தொட்டால் கடிபடுவாய்’ என்று எதிரிக்கு விடுக்கும் முன்னறிவிப்பு என்பதே அது. மங்கிய நிறமுள்ள பழுப்பு லெம்மிங்குகள் இந்த அளவுக்குச் சண்டைக்கு நிற்பதில்லை என்பதும் அவருடைய வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. வேட்டைநாய்க்கும் நரிக்கும் முன்னால் இந்த வீரம் எடுபடாது. சிறிய பறவைகள் மட்டும் ஒருகணம் தயங்கக்கூடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லெம்மிங் தனிமை விரும்பி. பக்கத்தில் இன்னொரு லெம்மிங் வந்தால் அதனோடும் சண்டைதான். தலைவன் பின்னால் அணிவகுத்துச் செல்லும் மந்தைக் குணம் அதற்குக் கிடையவே கிடையாது.

கேள்வி: ‘லெம்மிங் ஆண்டு’ என்பது என்ன?

நார்வேயிலும் சுவீடனிலும் மலைவாழ் மக்கள் நெடுங்காலமாகப் புழங்கிவரும் சொல் இது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை லெம்மிங்குகள் திடீரென்று பெருகி, பாதையில் கால் வைக்க இடமில்லாதபடி ஆகிவிடும். அடுத்த ஆண்டே தேடினாலும் ஒன்று கிடைக்காது. உச்சத்துக்கும் வீழ்ச்சிக்கும் இடையிலான வேறுபாடு நூறு மடங்கையும் தாண்டும். கர்ப்பகாலம் சுமார் மூன்று வாரம், பிறந்த பெண்குட்டி ஒரு மாதத்துக்குள்ளேயே கருத்தரிக்கும் பருவத்தை எட்டிவிடும், ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள், அதோடு பனிக்கு அடியிலும் இனப்பெருக்கம் நடக்கும் என்றால், ஒரு நல்ல குளிர்காலம் என்ன செய்யும் என்பதை வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த ஏற்ற இறக்கம் சூழலியல் துறை உருவானதிலேயே ஒரு பங்கு வகித்தது. 1923-ல் ஆர்க்டிக்கின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், சார்லஸ் எல்ட்டன் என்ற இளம் ஆங்கிலேய விலங்கியலாளர் நார்வேயின் திரோம்சோ நகரில் அந்நாட்டுப் பாலூட்டிகளைப் பற்றி ராபர்ட் காலெட் எழுதிய நூலை வாங்கினார். நார்வே மொழி தெரியாத அவர் அகராதியை வைத்துக்கொண்டு அதிலிருந்த லெம்மிங் ஆண்டுகளைத் திரட்டி, 1924-ல் விலங்குகளின் எண்ணிக்கை ஏற்ற இறக்கம் குறித்த தம் கட்டுரையை வெளியிட்டார். விலங்குகளின் எண்ணிக்கை ஒரு சமநிலையில் நிற்கும் என்று பொதுவாக எண்ணப்பட்ட காலத்தில், அது ஊஞ்சல்போல ஆடும் என்று காட்டிய கட்டுரை அது.

கேள்வி: பெருகியவை ஏன் திடீரென்று வீழ்கின்றன?

ஒரே விடை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதுதான் நேர்மையான பதில். வடகிழக்குக் கிரீன்லாந்தின் திரெய்ல் தீவில் 1988 முதல் நடந்த கணக்கெடுப்பை வைத்து ஒலிவியே கில்க், இல்க்கா ஹான்ஸ்கி, பென்வா சிட்லர் ஆகியோர் 2003-ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வில், கழுத்துப்பட்டை லெம்மிங்குகளை உண்ணும் நான்கு வேட்டையாடிகளே இந்தச் சுழற்சியை இயக்கப் போதுமானவை என்று காட்டினார்கள். பனி ஆந்தை, ஆர்க்டிக் நரி, நீள்வால் ஸ்குவா என்னும் கடற்பறவை ஆகிய மூன்றும் லெம்மிங் பெருகிய இடத்தில் கூடி, உடனுக்குடன் தின்று பெருக்கத்துக்குக் கடிவாளம் போடுகின்றன. நான்காவது ஸ்டோட், கீரியை நினைவூட்டும் ஒல்லியான இந்தச் சிறு ஊனுண்ணி பனிச்சுரங்கத்துக்குள்ளேயே நுழைந்து, லெம்மிங்கைக் கொன்று, அதன் கூட்டிலேயே அதன் ரோமத்தை விரித்துப் படுத்துக்கொள்ளும். இரை பெருகி ஓராண்டு கழித்துத்தான் ஸ்டோட்டுகளின் எண்ணிக்கை உயர்கிறது. அந்தத் தாமதம்தான் வீழ்ச்சியை ஆழப்படுத்தி, மீட்சியைத் தள்ளிப்போடுகிறது.

ஸ்காண்டிநேவிய மலைகளில் கதை வேறு. அங்கே லெம்மிங்குகளின் குளிர்கால உணவு பெரும்பாலும் பாசி. பாசியோ தின்ற வேகத்துக்கு ஈடாக வளராது. பீட்டர் டர்ச்சினும் பிறரும் 2000-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, நார்வே லெம்மிங்கை இரை என்று கொள்வதைவிடப் பாசியை வேட்டையாடும் விலங்கு என்று கொள்வதே பொருத்தம் என்று வாதிட்டது. எனக்கு இந்தத் தலைகீழ்ப் பார்வை மிகவும் பிடிக்கும்: அப்படிப் பார்த்தால், தன் இரையைத் தானே தீர்த்துவிட்டுப் பட்டினி கிடக்கும் பிராணி அது.

கேள்வி: அப்படியானால் கடலில் குதிப்பது முழுப் பொய்யா? இடம்பெயர்வதும் இல்லையா?

இடம்பெயர்வது உண்மை. உச்ச ஆண்டில் மலைமேட்டில் இடமும் உணவும் போதாமல், ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு, லெம்மிங்குகள் கீழே பூர்ச்ச மரக்காடுகளுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் இறங்குகின்றன. ஒவ்வொன்றும் தன்பாட்டில் போகிறது. ஆனால் பள்ளத்தாக்கின் சரிவுகள் வாய்க்கால்போல அவற்றை ஒரே பக்கம் திருப்பிவிட, ஏரியோ ஆறோ குறுக்கிடும் கரையில் அவை குவிந்துபோகின்றன. அடர்ந்த ரோமத்தில் காற்று தங்குவதால் லெம்மிங் நன்றாக மிதக்கும், நீந்தவும் தெரியும். நீர் அமைதியாக இருந்து மறுகரையும் அருகில் இருந்தால் கடந்துவிடும். காற்றடித்து அலை எழுந்தாலோ, எதிர்க்கரை எட்டாத தொலைவில் இருந்தாலோ மூழ்கும். மறுநாள் காலையில் கரையொதுங்கிய நூற்றுக்கணக்கான உடல்களைப் பார்த்தவர்கள் ஒரு காரணத்தைத் தேடினார்கள். பிழைக்க இடம் தேடிப் போகும் வழியில் நேர்ந்த விபத்துக்குத் தற்கொலை என்று பெயரிடுவது, வெள்ளத்தில் ஆற்றைக் கடக்க முயன்று அடித்துச் செல்லப்பட்டவரைப் பற்றி அவர் சாகத்தான் ஆற்றில் இறங்கினார் என்று சொல்வதற்கு நிகர்.

கேள்வி: பழங்காலத்திலும் இந்தத் தற்கொலைக் கதை இருந்ததா?

பழைய கதை இதைவிடச் சுவையானது. அப்போது அவை வானத்திலிருந்து விழுந்தன. 1532-ல் யாக்கோப் சீக்ளர் என்ற புவியியலாளர், நார்வே நாட்டு மதகுருமார்களிடம் கேட்டறிந்ததாக, லெம்மிங்குகள் புயல்மழையோடு பொழிகின்றன என்றும் இளவேனிலில் புல் முளைக்கத் தொடங்கியதும் இறந்துவிடுகின்றன என்றும் எழுதினார். 1555-ல் ஓலாவுஸ் மாக்னுஸ் வெளியிட்ட வடநாட்டு வரலாற்று நூலில் இதற்கு ஒரு மரச்செதுக்குப் படமே உண்டு. அலாஸ்காவின் இன்யுப்பியாக் மக்களிடமும் கழுத்துப்பட்டை லெம்மிங்குக்கு வானிலிருந்து வந்தது என்ற பொருளில் ஒரு பெயர் வழங்குகிறது. நேற்றுவரை கண்ணில் படாத பிராணி பனி உருகிய காலையில் எங்கு பார்த்தாலும் ஓடிக்கொண்டிருந்தால், வேறு எப்படித்தான் விளக்குவது? 1650-களில் டென்மார்க் அறிஞர் ஓலே வோர்ம் லெம்மிங்கை அறுத்து ஆராய்ந்து, அதன் உள்ளுறுப்புகள் மற்றக் கொறித்துண்ணிகளைப் போன்றவையே என்று காட்டினார். யூனிகார்ன் என்னும் கற்பனை ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று விலைபேசப்பட்டது நார்வால் திமிங்கிலத்தின் பல் என்று விளக்கியவரும் அவர்தான். அப்படிப்பட்டவரும்கூடக் காற்று அவற்றை எங்கிருந்தோ தூக்கி வந்திருக்கலாம் என்ற எண்ணத்தை முழுதாகக் கைவிடவில்லை.

கடலை நோக்கிய சாவு ஊர்வலம் 19-ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. அட்லாண்டிக்கில் மூழ்கிப்போன பழைய நிலத்தைத் தேடி அவை மேற்கே போகின்றன என்ற ஊகமும் அப்போது எழுந்தது. எல்ட்டனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: இடப்பெயர்ச்சியை, மிகுந்த எண்ணிக்கையைக் குறைக்கும் ஓர் ஏற்பாடு போலச் சித்தரித்த அவருடைய தொடக்ககால எழுத்து, கதைக்கு அறிவியல் மேலாடை போர்த்தியது.

கேள்வி: திரைப்படம் ஒன்றில் குதிப்பதைப் பார்த்திருக்கிறேனே?

பார்த்தது ஏமாற்று. 1958-ல் வெளிவந்த டிஸ்னி நிறுவனத்தின் ‘ஒயிட் வில்டர்னஸ்’ என்ற இயற்கைப் படம், சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. அதில் லெம்மிங்குகள் வெறிபிடித்தாற்போல ஓடி, பாறை முனையிலிருந்து உருண்டு, நீரில் விழுந்து தத்தளிக்கும் காட்சி வருகிறது. அந்த நீர் ஆர்க்டிக் கடல் என்று பின்னணிக் குரல் சொல்கிறது. படம்பிடித்த இடமோ கனடாவின் அல்பெர்ட்டா மாகாணம். அதற்குக் கடற்கரையே இல்லை. 1980-களின் தொடக்கத்தில் கனடா ஒலிபரப்பு நிறுவனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று துருவிப் பார்த்தபோது முழு விவரமும் வெளிவந்தது. மானிடோபா மாகாணத்தில் இனூயிட் குழந்தைகளிடம் லெம்மிங்குகளை விலைக்கு வாங்கி, அல்பெர்ட்டாவுக்குக் கொண்டுவந்து, பனி தூவிய சுழல்மேடை ஒன்றின்மேல் ஓடவிட்டிருக்கிறார்கள். மேடை சுற்றச் சுற்ற, நெருக்கமான கோணத்தில் வைத்த கேமராவில் அதே சில டஜன் லெம்மிங்குகள் முடிவில்லாத படையாகத் தெரிந்தன. பிறகு அவற்றை ஆற்றங்கரைப் பாறைக்குக் கொண்டுபோய், நீருக்குள் தள்ளிவிட்டார்கள். பெருங்கூட்டமாகப் பெயர்வதற்குப் பேர்போன நார்வே இனம்கூட அல்ல அவை.

கூட்டத்தின் குருட்டுத்தனத்துக்கு உவமையாக நாம் எடுத்தாள்வது, கையால் தள்ளப்பட்டு விழுந்த பிராணிகளின் காட்சியை.

கேள்வி: இந்த உவமை எங்கெல்லாம் புழங்குகிறது?

அரசியலிலும் வணிகத்திலும்தான் மிகுதி. 1985 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம், அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின்போது, கண்ணைக் கட்டிக்கொண்டு வரிசையாக நடந்து பள்ளத்தில் விழும் அலுவலர்களைக் காட்டி, ‘லெம்மிங்குகள்’ என்றே பெயரிட்ட விளம்பரம் ஒன்றை ஒளிபரப்பியது. யாரிடம் கணினியை விற்க வேண்டுமோ அவர்களையே மூடர்களாக்கியதால் அது பெரும் தோல்வியாக முடிந்தது. முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1980-களில் தம் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், கூட்டமாக லெம்மிங்குகளுக்குக் கெட்ட பெயர் இருந்தாலும் தனியொரு லெம்மிங்கை யாரும் குறைசொன்னதில்லை என்று கேலியாகக் குறிப்பிட்டார். எல்லோரும் செய்ததைச் செய்து நட்டப்பட்டால் வேலை போகாது என்ற அலுவலக உண்மையை அவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறு வரியை நான் படித்ததில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் உருவாகி 1991-ல் வெளிவந்த ‘லெம்மிங்ஸ்’ கணினி விளையாட்டில், பச்சைத் தலைமுடியோடு நேராக நடந்து பள்ளத்தில் விழப்போகும் குட்டி உருவங்களுக்கு ஆளுக்கொரு வேலை கொடுத்துக் காப்பாற்றுவதே ஆடுபவரின் கடமை.

கேள்வி: லெம்மிங்கோடு வாழும் நார்வேக்காரர்களும் அதே பொருளில்தான் பேசுகிறார்களா?

அவர்களுடைய பழைய வழக்கு வேறு. ‘லெம்மிங் போலக் கோபம்’ என்பது நார்வே மொழியின் சொல்வழக்கு. ஆத்திரம் தலைக்கேறினால் அது வெடித்தே செத்துவிடும் என்ற நாட்டுப்புற நம்பிக்கையும் அங்கே உண்டு. நேரில் பார்த்தவர்கள் அதன் கோபத்தைக் கண்டார்கள். திரையில் பார்த்தவர்கள் அதன் சாவைக் கண்டார்கள். சுவீடன் மொழியில் ‘லெம்மிங் ஊர்வலம்’ என்ற சொல், விடுமுறையில் ஒரே சாலையில் மொய்க்கும் வாகனங்கள் போன்ற பெருந்திரளைக் குறிக்கும்.

கேள்வி: தமிழில் இதை எப்படிச் சொல்வது?

இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். யோசிக்காமல் பின்தொடர்வதுதான் கருத்து என்றால் ‘ஆட்டுமந்தை போல’ என்பதே போதும். பளபளப்பில் மயங்கித் தானாகப் போய் அழிவதைச் சொல்ல ‘விளக்கில் விழும் விட்டில்’ இருக்கிறது. ஆங்கிலக்காரர் இந்த இரண்டையும் ஒன்றாக்கி லெம்மிங்கின் தலையில் கட்டியிருக்கிறார். ஆகவே ஒரே சொல்லில் ஈடு கிடைக்காது. லெம்மிங் என்றே எழுதி அடிக்குறிப்புப் போடுவதை நான் விட்டுவிட்டேன், ஏனென்றால் அந்த அடிக்குறிப்பில் பொய்யைத்தான் விளக்க வேண்டியிருந்தது.

கேள்வி: லெம்மிங்குக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, பறவைகள் வழியாக. சைபீரியாவின் தைமீர் தீபகற்பம் போன்ற இடங்களில் லெம்மிங் மிகுந்த ஆண்டில் நரிகளுக்கு வயிறு நிறைவதால், தரையில் கூடு கட்டும் வாத்துகளும் உள்ளான்களும் ஓரளவு தப்பிக்கின்றன. லெம்மிங் வீழ்ந்த ஆண்டில் நரிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடிப் போகின்றன. மேற்கு ஐரோப்பாவுக்குக் குளிர்காலத்தில் வரும் பிரெண்ட் வாத்துக் கூட்டங்களில் இளம்பறவைகள் எவ்வளவு என்று எண்ணியே தைமீரின் லெம்மிங் நிலையை ஊகிக்க முடிந்திருக்கிறது. சைபீரியத் தூந்திரத்தில் குஞ்சு பொரிக்கும் வளைந்த மூக்கு உள்ளான்கள் கோடியக்கரைக்கும் வலசை வருகின்றன. வேதாரண்யத்துச் சதுப்பில் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும் அந்தப் பறவைகளில் இளையவை அதிகமா குறைவா என்பதில், லெம்மிங்குக்கும் ஒரு கை இருக்கிறது.

கேள்வி: இப்போது அவற்றின் நிலை என்ன?

இனம் அழியும் நிலையில் இல்லை, தாளம்தான் தவறியிருக்கிறது. தென்நார்வேயின் பின்சே பகுதியில் 1994-க்குப் பிறகு பழைய ஒழுங்கில் உச்சங்கள் வரவில்லை என்று 2008-ல் வெளியான ஆய்வு, அதற்குப் பனியின் தன்மை மாறியதைக் காரணமாகக் காட்டியது. குளிர்காலத்தின் நடுவே பனி உருகி, அல்லது பனிமேல் மழை பெய்து, மீண்டும் உறையும்போது, சர்க்கரைபோல உதிர வேண்டிய அடியடுக்கு கெட்டியான பனிக்கட்டியாகிவிடுகிறது. சுரங்கமும் இல்லை, பாசியும் எட்டாது. கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் 2000-ஐ ஒட்டிச் சுழற்சி மங்கியபோது, அங்கே பறக்கும் பருவத்தை எட்டிய பனி ஆந்தைக் குஞ்சுகளின் எண்ணிக்கை 98 சதவீதம் சரிந்தது. ஆனாலும் 2010, 2011 ஆண்டுகளில் ஸ்காண்டிநேவிய மலைகளில் லெம்மிங்குகள் மீண்டும் பெருகின. ஆர்க்டிக் நரிகளும் அப்போது நிறையக் குட்டிகள் ஈன்றன.

கேள்வி: நார்வே மலைகளுக்குப் போனால் பார்க்க முடியுமா?

லெம்மிங் ஆண்டாக இருந்தால் தேட வேண்டியதே இல்லை. பாதையோரத்தில் அதுவே கத்தித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கையில் எடுக்க வேண்டாம், கடிக்கும். அந்த ஆண்டுகளில் ஓடைநீரைக் கொதிக்க வைக்காமல் குடிப்பதும் ஆபத்து: நீரில் செத்துக் கிடக்கும் லெம்மிங்குகளால் துலரீமியா என்னும் தொற்று பரவக்கூடும், நார்வேக்காரர்கள் அதை ‘லெம்மிங் நோய்’ என்றும் அழைக்கிறார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போனால் வாரைக் கையிலேயே வைத்திருங்கள், லெம்மிங் ஓடாது.